காற்றைச் சக்கரத்தில் கட்டிய கால்நடை மருத்துவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

உலகிற்கு உழைத்த பெருமக்களுள் சிலருடைய பெயர் நூல்களில் நிற்கிறது. சிலருடைய பெயர் சிலைகளின் அடியில் நிற்கிறது. இன்னும் சிலருடைய பெயரோ, நாம் அன்றாடம் தொட்டுப் பழகும் பொருள்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த மூன்றாம் வகையினருள் ஒருவர் ஜான் பாய்டு டன்லப். டன்லப் என்றால் நம்மில் பலருக்கு டயர் நினைவுக்கு வரும்; சிலருக்கு மெத்தை நினைவுக்கு வரும்; சென்னையை அறிந்தவர்களுக்கு ஒரு காலத்தில் அம்பத்தூரில் இயங்கி வந்த பெரிய ஆலை நினைவுக்கு வரும். அப்பெயருக்கு உரிய மனிதர் ஒருவர் இருந்தார் என்பதும், அவர் பொறியாளர் அல்லர், குதிரைகளுக்கு மருத்துவம் பார்த்தவர் என்பதும் பலரும் அறியாத செய்திகளாகும்.

அவருடைய வாழ்வை நான் எழுத முற்பட்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. என் தந்தையார் எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் ஒட்டுவதும் சக்கரத்திற்குக் கோட்டம் எடுப்பதும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கடையின் வருவாயில்தான் எங்கள் குடும்பத்திலிருந்து முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தேன். இது முதற்காரணம். கல்லூரியில் உராய்வு விதிகளைப் படித்தபோது, அந்த விதிகளுக்கு ரப்பர் கட்டுப்படுவதில்லை என்று எங்கள் விரிவுரையாளர் போகிற போக்கில் குறிப்பிட்டார். அந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு நூலகத்தில் தேடப் போய், பந்தய டயர்களைப் பற்றிய பெரிய புதிர் ஒன்றினுள் நுழைந்துவிட்டேன். இது இரண்டாம் காரணம். இவ்விரண்டும் ஒன்று சேரும் இடமே டன்லப்பின் வாழ்க்கை.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்து நாட்டின் அயர்ஷயர் பகுதியில் டிரெகார்ன் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் டன்லப் பிறந்தார். எடின்பரோ நகருக்குச் சென்று கால்நடை மருத்துவம் பயின்ற அவர், பத்தொன்பதாம் வயதிலேயே தேர்ச்சி பெற்றார் என்பது வியப்பிற்குரியது.

சில ஆண்டுகள் சொந்த நாட்டில் தொழில் செய்தபின், 1867இல் கடல் கடந்து அயர்லாந்துக்குச் சென்றார். முதலில் டவுன்பாட்ரிக் என்னும் ஊரிலும், பின்னர் பெல்பாஸ்ட் நகரின் கிளாஸ்டர் தெருவிலும் மருத்துவமனை நடத்தினார். மோட்டார் வண்டிகள் தோன்றாத காலம் அது. பாரம் இழுப்பதும் பயணம் செய்வதும் குதிரைகளை நம்பியே நடந்தன. ஆகவே குதிரை மருத்துவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. லாடம் அடிப்பவர்கள் பலரை அமர்த்திக்கொண்டு, அயர்லாந்தின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்று என்று சொல்லும் அளவுக்குத் தம் தொழிலை வளர்த்தார். வண்டிச் சக்கரம் எவ்வாறு உருள்கிறது, எந்தச் சாலையில் குதிரை அதிகம் களைக்கிறது என்பவற்றை நாள்தோறும் கண்ணால் கண்டு பழகியவர் அவர். சக்கரத்தைப் பற்றி அவர் கற்ற பள்ளி இதுவே எனலாம்.

கல் பரப்பிய தெருக்கள்

அக்காலத்துப் பெல்பாஸ்ட் தெருக்கள் கருங்கல் துண்டுகள் பதித்தவை. நடுவே டிராம் தண்டவாளங்கள் ஓடின. வண்டிகளின் சக்கரங்களோ மரத்தாலானவை, அல்லது இரும்புப் பட்டை அடித்தவை. மிதிவண்டிகளுக்கு மட்டும் கெட்டி ரப்பர் வளையம் ஒன்றைச் சுற்றியிருந்தனர். அதில் செல்பவர்களின் எலும்புகள் குலுங்கின.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1885ஆம் ஆண்டு வரை பந்தயத்திற்குப் பெயர் பெற்றிருந்த மிதிவண்டி, முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் சாண் உயரமும் உடையது. பெரிய சக்கரம் சிறு பள்ளங்களில் இறங்காமலே கடந்துவிடும். ஆனால் அதிலிருந்து விழுந்தால் தலைகுப்புற விழ வேண்டும். அவ்வாண்டில் இங்கிலாந்தில் ஜே. கே. ஸ்டார்லி என்பார், சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டும் பாதுகாப்பான சைக்கிளை உருவாக்கினார். நாம் இன்று ஓட்டுவது அதன் வழிவந்ததே. விழும் அச்சம் குறைந்தது. ஆனால் சக்கரம் சிறுத்துவிட்டதால் குலுக்கல் கூடிவிட்டது. ஒரு குறையை நீக்கும்போது மற்றொரு குறை தலைதூக்கியது. காற்றுள்ள டயருக்கு உலகம் ஏங்கி நின்ற நேரம் அதுவே.

டன்லப்புக்குப் பத்து வயதை ஒட்டிய மகன் ஒருவன் இருந்தான். மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவதில் அவனுக்குப் பெரு விருப்பம். கல் தெருவில் வண்டி தடதடப்பதாகவும், வேகம் கூடவில்லை என்றும் தந்தையிடம் அவன் குறைப்பட்டுக்கொண்டான். மகனின் மனக்குறையைக் கேட்டு வேறு தந்தையர் சமாதானம் சொல்லியிருப்பர். டன்லப் சோதனை செய்யத் தொடங்கினார்.

முற்றத்தில் ஒரு சோதனை

டன்லப் ஒரு வட்டமான மரப்பலகையை எடுத்துக்கொண்டார். மெல்லிய ரப்பர் தகட்டைக் குழாயாக ஒட்டி, அப்பலகையின் விளிம்பில் சுற்றி, அதன்மேல் லினன் துணியைப் போர்த்தி ஆணியடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பைக் கொண்டு அதனுள் காற்றை நிரப்பினார். பின்னர் மகனுடைய சைக்கிளின் சக்கரம் ஒன்றையும், தாம் செய்த காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் மாறி மாறி உருட்டினார். சைக்கிள் சக்கரம் முற்றத்தைக் கடக்கும் முன்னே ஆடி விழுந்தது. காற்றுச் சக்கரமோ முற்றம் முழுவதையும் கடந்து, எதிரே இருந்த வாயில் தூணில் மோதித் திரும்பியது.

எத்துணை எளிய சோதனை! விலையுயர்ந்த கருவி ஒன்றும் இல்லை. ஆயினும் ஒரு நல்ல சோதனைக்கு வேண்டிய இலக்கணம் அதில் இருக்கிறது. ஒப்பிட இரண்டு பொருள்கள், இரண்டிற்கும் ஒரே தரை, தள்ளுவதற்கு ஒரே கை, யாரும் மறுக்க முடியாத விளைவு. நம் ஆய்வுக்கூடத்தில் பதிவேட்டை நிரப்புவதற்காக மட்டும் சோதனை செய்கிற நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

காற்றுச் சக்கரம் ஏன் நெடுந்தூரம் ஓடியது? கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் சக்கரமும் அதன் மேலுள்ள பாரமும் தூக்கிப் போடப்படுகின்றன. முன்னே செல்ல வேண்டிய ஆற்றல் அதிர்வாகவும் ஓசையாகவும் வீணாகிறது. காற்று நிறைந்த சக்கரம் அந்தக் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. கல் பட்ட இடம் மட்டும் உள்வாங்குகிறது. உள்ளிருக்கும் காற்று அதை உடனே வெளியே தள்ளிவிடுகிறது. குலுக்கலைக் குறைக்கப் போனவர், வேகத்தையும் சேர்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

1888 பிப்ரவரி இறுதியில் மகனுடைய வண்டியில் காற்று டயர்கள் பொருத்தப்பட்டன. அவ்வாண்டு ஜூலை 23இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் டன்லப். டிசம்பர் 7இல் அது அவருக்குக் கிடைத்தது.

பந்தயக் களம்

ஒரு புதுப் பொருளை உலகம் எளிதில் ஏற்பதில்லை. காற்று டயர் பார்வைக்குப் பருத்து, விகாரமாக இருந்தது. மெல்லிய ரப்பர் வளையத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது நகைப்பிற்குரிய பொருளாகவே பட்டது. அந்த நகைப்பை அடக்கிய இடம் பந்தயக் களம்.

பெல்பாஸ்டில் எட்லின் என்னும் நிறுவனத்தார் டன்லப்பின் டயர்களைப் பொருத்திய சைக்கிள்களைச் செய்தனர். அதில் ஒன்றை வில்லி ஹியூம் என்ற பந்தய வீரர் வாங்கினார். 1889 மே 18ஆம் நாள் பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழாவில் அவர் அச்சைக்கிளில் களம் இறங்கினார். கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் அவரே வென்றார். சிரித்தவர்கள் வாயடைத்துப் போயினர். தொடர்ந்து இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலும் காற்று டயரில் சென்று வெற்றிகளைக் குவித்தார்.

பெல்பாஸ்டில் அன்று தோற்றவர்களுள் டப்ளின் நகரத்து வணிகரான ஹார்வி டு குரோ என்பாரின் புதல்வர்களும் இருந்தனர். புதல்வர்களின் தோல்வியைக் கண்டு அவர் சினம் கொள்ளவில்லை. அந்த டயருக்குள் இருந்த வணிகத்தைக் கண்டுகொண்டார். அவருடைய முயற்சியால் 1889ஆம் ஆண்டிலேயே டப்ளினில் காற்று டயர் நிறுவனம் ஒன்று தோன்றியது. டன்லப் தம் உரிமையை அதற்குக் கொடுத்துப் பங்குதாரரானார்.

முன்னவர் ஒருவர்

வெற்றியின் உச்சியில் நிற்கும்போதே பேரிடி ஒன்று விழுந்தது. காற்று டயர் புதிய கண்டுபிடிப்பே இல்லை என்று 1890இல் தெரியவந்தது. டன்லப்பைப் போலவே ஸ்காட்லாந்தில் பிறந்த இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் பொறியாளர், 1845ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அப்போது தாம்சனுக்கு வயது 23. டன்லப்போ ஐந்து வயதுக் குழந்தை. தாம்சனுடைய சக்கரங்கள் 1847இல் லண்டனில் ரீஜெண்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் ஓடியும் காட்டியிருந்தன. ஆனால் அவற்றை வாங்குவாரில்லை. அன்று சைக்கிள் இல்லை. மெல்லிய ரப்பர் விலை மிகுந்தது. ரப்பரை உறுதிப்படுத்தும் கந்தகச் சூடேற்று முறையைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தாம்சன் 1873இல் மறைந்தார். அவருடைய காப்புரிமையும் அலுவலகத்துத் தாள்களுக்கிடையே உறங்கிவிட்டது.

தாம்சனின் முன்னுரிமையால் டன்லப்பின் காப்புரிமை செல்லாததாயிற்று. நிறுவனம் தப்பிப் பிழைத்தது வேறு சிலருடைய காப்புரிமைகளை விலைக்கு வாங்கியதால்தான். டயரின் ஓரத்தில் கம்பி வைத்து ரிம்மில் மாட்டும் முறை சார்லஸ் வெல்ச் என்பவருடையது. நாம் இன்றும் பயன்படுத்தும் சைக்கிள் வால்வ், வுட்ஸ் என்பவருடையது. ஆனால் அந்த வால்வையும் உலகில் பல இடங்களில் டன்லப் வால்வ் என்றே அழைக்கின்றனர். தாம்சன் கண்டதும், வெல்ச் செய்ததும், வுட்ஸ் செய்ததும் டன்லப் என்னும் ஒரு பெயருக்குள் அடங்கிவிட்டன.

அப்படியானால் டன்லப்புக்குப் பெருமை இல்லையா? உண்டு என்பதே என் கருத்து. அவர் தாம்சனைப் பற்றி அறியாமலே தாமாகக் கண்டார். கண்டதோடு நிற்காமல், காலத்துக்கேற்ற வண்டியில் பொருத்தி, பந்தயத்தில் மெய்ப்பித்தும் காட்டினார். ஆனால் தாம்சனை மறந்து டன்லப்பை மட்டும் போற்றினால் நாம் நன்றி மறந்தவர்களாவோம்.

பந்தயம் கிளப்பிய புதிர்

டயரைப் பந்தயம் வளர்த்தது. 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் 1,200 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தில், மிச்செலின் சகோதரர்கள் செய்த, எளிதில் கழற்றக்கூடிய காற்று டயர்களில் சென்று தெரோன் என்னும் வீரர் வென்றார். 1895இல் அதே சகோதரர்கள் பாரிஸ் - போர்தோ - பாரிஸ் மோட்டார் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெல்லாம் பஞ்சர் ஆயினும் மோட்டாருக்கும் காற்று டயர் உதவும் என்று காட்டினர். குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணியில் நூல்கள் ஒன்றோடொன்று உரசி ஆற்றலை விழுங்குகின்றன என்பதை உணர்ந்து, நூல்களைத் தனித்தனி அடுக்காக வைக்கும் முறையை 1890களில் பாமர் என்பவர் கொண்டுவந்தார். அதனால் டயர் இன்னும் இலகுவாக உருண்டது.

இவை எல்லாம் செய்து பார்த்துக் கண்டவை. டயர் தரையைப் பற்றிக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு டன்லப்பிடமும் விடை இல்லை. அவர் காலத்து அறிஞர்களிடமும் இல்லை. ஏன் இல்லை என்பதை நாம் படிக்கும் பாடத்தைக் கொண்டே விளக்கலாம்.

பிரான்சு நாட்டு அமோந்தோன் 1699இலும், கூலும் அடுத்த நூற்றாண்டின் இறுதியிலும் வகுத்த உராய்வு விதிகளை நாம் அறிவோம். உராய்வு, அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடுபரப்பைச் சார்ந்திராது, வேகத்தையும் சார்ந்திராது. ரப்பரோ இம்மூன்றையும் மீறுகிறது. டயரின் மேல் பாரத்தை இரு மடங்காக்கினால் பிடிப்பு இரு மடங்காவதில்லை. அதற்குக் குறைவாகவே கூடுகிறது. பந்தயக் கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரங்களின் மேல் பாரம் ஏறுகிறது. உட்பக்கச் சக்கரங்களில் குறைகிறது. ஏறிய பக்கத்தில் கிடைத்த பிடிப்பு, குறைந்த பக்கத்தில் இழந்ததை ஈடு செய்வதில்லை. ஆகவே மொத்தப் பிடிப்பு குறைகிறது. பந்தயக் கார்களின் டயர் அகலமாக இருப்பதற்கும், கார் தாழ்வாக இருப்பதற்கும் இது முக்கியமான காரணம். கூலுமின் விதியே முழு உண்மையாயின் அகல டயரால் பிடிப்பில் ஒரு பயனும் இராது.

தொடுபரப்பு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சைக்கிளின் பின்சக்கரத்தின் மேல் 48 கிலோ பாரம் இருப்பதாகவும், காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ என்றும் கொள்வோம். டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 16 சதுர சென்டிமீட்டர். உள்ளங்கையிலும் சிறிய இந்த இடத்தில்தான் ஓட்டுபவரின் உயிர் இருக்கிறது. இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பந்தயக் காருக்கும் நான்கு சிறிய தொடுபரப்புகளே துணை.

அந்தச் சிறிய இடத்தில் நடப்பதோ மிகச் சிக்கலானது. வளைவில் டயர் நோக்கும் திசை ஒன்று. வண்டி செல்லும் திசை சற்றே வேறு. இரண்டிற்கும் இடைப்பட்டதை நழுவு கோணம் எனலாம். தொடுபரப்பின் முன்பகுதி தரையைப் பற்றிக்கொண்டு இழுபடுகிறது, பின்பகுதி வழுக்குகிறது. கோணம் கூடக் கூடப் பக்கவாட்டு விசை உயர்ந்து, ஒரு சிகரத்தை அடைந்து, பின் இறங்குகிறது. பந்தய வீரர் அந்தச் சிகரத்தின் நுனியில் வண்டியை நிறுத்தப் பார்க்கிறார். சற்றுக் கூடினால் வண்டி சுழலும். சற்றுக் குறைந்தால் போட்டியாளர் முந்துவார்.

இத்துடன் வெப்பம் வந்து சேர்கிறது. ரப்பரை அழுத்தி விடும்போது, நாம் கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்புவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. இரும்பில் காந்தத் தயக்கம் என்று நாம் படித்தோமே, அதனை ஒத்த தயக்கம் இது. 1963இல் குரோஷ் என்னும் அறிஞர், பல வேகங்களிலும் பல வெப்பநிலைகளிலும் ரப்பரின் உராய்வை அளந்து, அவை அனைத்தும் ஒரே வளைகோட்டில் அடங்கும் என்று காட்டினார். வெப்பம் கூடுவதால் நேரும் மாற்றமும், வேகம் குறைவதால் நேரும் மாற்றமும் ஒன்று போன்றவை என்பது அவர் கண்ட அழகிய உண்மை.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் அடங்கிய ரப்பர் பந்தயக் களத்தில் அடங்குவதில்லை. பந்தய டயர் பலவும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில்தான் நன்றாகப் பற்றும். குளிர்ந்திருந்தால் வழுக்கும்; மிகச் சூடானால் மேற்பரப்பு சிதையும். வளைவில் மேற்பரப்பு நொடிகளில் கொதிக்கிறது, நேர்ச்சாலையில் ஆறுகிறது, உட்பகுதியோ மெல்ல மெல்லவே சூடேறுகிறது. சூடேறினால் உள்ளே காற்றழுத்தம் உயரும். அழுத்தம் உயர்ந்தால் தொடுபரப்பு சுருங்கும். இதற்கிடையே டயர் தேய்ந்துகொண்டே வருகிறது. ஆகவே இந்த நொடியின் பிடிப்பு, இதற்கு முந்தைய பல சுற்றுகளில் அந்த டயர் பட்ட பாட்டைப் பொறுத்தது. சோதனை எந்திரத்தின் உப்புத்தாள் பரப்பில் அளந்த கணக்கு தார்ச் சாலைக்கு அப்படியே பொருந்துவதுமில்லை.

பொறியாளர்கள் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பசேக்காவும் சுவீடனின் வோல்வோ நிறுவனத்தாரும் 1980களில் ஒரு சமன்பாட்டை உருவாக்கினர். தலைகீழ் டேன்ஜென்ட் கண்டு, அதற்குச் சைன் கண்டு, நான்கு மாறிலிகளைப் பொருத்தினால் டயரின் வளைகோடு அச்சாகக் கிடைக்கும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் மாய வாய்பாடு. ஏன் மாயம்? ரப்பரின் இயல்பிலிருந்து வருவித்த சமன்பாடு அன்று அது. அளந்த புள்ளிகளுக்குப் பொருந்துமாறு தேர்ந்தெடுத்த வடிவம். டயரை அளந்தால்தான் மாறிலிகள் கிடைக்கும். அளக்காத டயரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உலகெங்கும் கணினிகளில் இன்றும் அது பயன்படுகிறது. முற்றத்தில் உருட்டிப் பார்த்த டன்லப்பின் வழிக்கும் இதற்கும் உள்ள உறவை எண்ணிப் பாருங்கள். கருவிகள் மாறியிருக்கின்றன, முதலில் உருட்டிப் பார்க்க வேண்டும் என்பது மாறவில்லை.

என் தந்தையார் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழியைக் கண்டு ஓட்டையைப் பிடிப்பார். கட்டை விரலால் டயரை அழுத்திக் காற்றின் அளவைச் சொல்வார். சாலையையும் பாரத்தையும் கேட்டறிந்து காற்றைக் கூட்டியோ குறைத்தோ அடிப்பார். ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியாது. இதை வெறும் பழக்கம் என்றே எண்ணியிருந்தேன். இப்போது இதுவும் அறிவின் ஒரு பாதி என்று எண்ணுகிறேன். ஏன் என்ற மறுபாதியைத் தேடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்திருக்கிறது.

டயருக்குப் பின்னால் சிந்திய வியர்வை

டன்லப்பின் கதையை இத்துடன் முடித்தால் அது பாதிக் கதையாகிவிடும். சைக்கிளும் மோட்டாரும் பெருகியபோது ரப்பருக்கு உலகம் அலைந்தது. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டைத் தம் சொந்தச் சொத்தாக வைத்திருந்த பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சியில், காட்டு ரப்பர் சேர்த்துக் கொடுக்கும்படி மக்கள் வதைக்கப்பட்டனர்; கைகள் வெட்டப்பட்டன. டப்ளினில் பிறந்த ரோஜர் கேஸ்மெண்ட், 1904இல் வெளிவந்த தம் அறிக்கையில் அக்கொடுமைகளை உலகறியச் செய்தார்.

இன்னொரு பக்கம், பிரேசிலிலிருந்து 1876இல் விக்காம் என்பவர் கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் கன்றுகளாகச் சென்றன. 1888இல், டன்லப் காப்புரிமை பெற்ற அதே ஆண்டில், ரிட்லி என்னும் தாவர அறிஞர் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்று, ரப்பர் பயிரிடும்படி தோட்டக்காரர்களைத் தூண்டினார். மலாயாவில் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் பால் வெட்டியவர்கள் யார்? தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கங்காணிகள் வழியே கப்பலேறிப் பினாங்குக்குச் சென்ற நம் உறவினர்களே. விடியும் முன் எழுந்து, மரம் மரமாகச் சென்று பட்டை சீவி, அட்டைக் கடியிலும் மலேரியாவிலும் மாண்டவர்கள் பல்லாயிரவர். டன்லப்பின் பெயரைத் தாங்கிய நிறுவனமே பின்னாளில் மலாயாவில் பெருந்தோட்டங்களை வைத்திருந்தது.

இவற்றுக்கு டன்லப் பொறுப்பாளி அல்லர். அவர் அதற்கு முன்பே நிறுவனத்தைவிட்டு விலகிவிட்டார். ஆயினும் மகனுடைய சைக்கிளுக்காகச் செய்த ஒரு பொருள், கடல்களுக்கு அப்பால் அறியாத மக்களின் வாழ்வை எப்படிப் புரட்டிப் போட்டது என்பதை அறிவியல் மாணவர்கள் அறிந்திருப்பது கடமை. நம்மில் எத்தனையோ பேருடைய ஊரில் பினாங்குக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் இன்றும் உள்ளன.

இறுதி நாட்கள்

1892இல் டன்லப் குடும்பத்துடன் டப்ளினில் குடியேறினார். நிறுவனத்தாரோடு கருத்து ஒவ்வாமையால் 1895இல் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகித் தம் பங்குகளையும் விற்றுவிட்டார். மறு ஆண்டே அந்நிறுவனத்தை ஹூலி என்னும் நிதி வணிகர் 30 இலட்சம் பவுண்டுக்கு வாங்கி, 50 இலட்சம் பவுண்டுக்கு மக்களிடம் பங்குகளாக விற்றார். டயரைக் கண்ட மருத்துவருக்கு அப்பெருஞ்செல்வத்தில் பங்கில்லை. துணி வணிகத்தில் ஈடுபட்டு, அமைதியாகவே வாழ்ந்தார். 1921 அக்டோபர் 23ஆம் நாள், தம் 81ஆம் வயதில் டப்ளினில் காலமானார். டீன்ஸ்கிரேஞ்ச் கல்லறைத் தோட்டத்தில் அவர் உறங்குகிறார். காற்று டயரின் வரலாற்றை அவர் எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்த பின் அது நூலாக வெளிவந்தது. நிறுவனத்தைவிட்டு அவர் விலகிய பின்பும் அவர் பெயர் மட்டும் விலகவில்லை.

முடிவுரை

நண்பர்களே! டன்லப்பின் வாழ்விலிருந்து நாம் பெற வேண்டியவை யாவை? பிறந்த குடியோ படித்த பட்டமோ கண்டுபிடிப்புக்கு எல்லை வகுப்பதில்லை என்பது ஒன்று. குதிரை மருத்துவர் ஒருவர் சக்கரத்தை மாற்ற முடிந்ததென்றால், உழவர் வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் எதை மாற்ற முடியாது? தமக்கு முன்னே உழைத்தவரைத் தேடி அறிந்து அவருக்குரிய சிறப்பைக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒன்றைச் சொல்வேன். செய்து காட்டியவுடன் ஒரு செய்தி விளங்கிவிட்டதாக நாம் எண்ணிவிடக் கூடாது. காற்று டயர் உருளத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. பந்தயம் தவறாமல் அது ஓடுகிறது. ஆனால் உள்ளங்கை அளவு தொடுபரப்பில் ரப்பரும் கல்லும் வெப்பமும் கூடி நடத்தும் செயலை முழுமையாகச் சொல்லும் சமன்பாட்டை இதுவரை யாரும் எழுதவில்லை.

அது எழுதப்படாமல் இருப்பது நமக்கு நல்வாய்ப்பே. சைக்கிளில் வந்து இறங்கும் நம் கல்லூரி மாணவர்களுள் ஒருவர் அதன் ஒரு வரியையேனும் எழுதட்டும்!